மட்சுயாமா வீட்டுல எனக்குன்னு ஒரு வேலை

ஜப்பான்ல ஒரு குடும்பத்தோட தங்கி படிக்கறேன்னு சொன்னதும் ஊர்ல எல்லாரும் கேக்கறது ரெண்டே விஷயம்தான், சாப்பாட்டுக்கு என்ன பண்றே, பாஷைக்கு என்ன பண்றே. நியாயமான கேள்விங்கதான், ரெண்டுக்கும் கீழ பதில் எழுதியிருக்கேன். ஆனா இங்க வந்ததுக்கப்புறம் எனக்கு இதெல்லாத்தையும் விட முக்கியமா பட்டது வேற. அந்த வீட்டுல நமக்குன்னு ஒரு வேலை இருக்கா இல்லையா, அதுதான். அத பத்திதான் இந்த போஸ்ட், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல ஊர பத்தி. ஜப்பான் மேப்ப எடுத்தா ஹோன்ஷூங்கற பெரிய தீவுக்கு கீழ ஷிகோக்குனு ஒரு தீவு இருக்கும், நாலு முக்கிய தீவுல அதான் சின்னது. அதோட வடமேற்கு பக்கம் எஹிமே மாகாணம், அதுக்கு தலைநகர் மட்சுயாமா. சுமார் அஞ்சு லட்சம் பேர் இருக்காங்க, ஷிகோக்குலயே பெரிய ஊரு இதுதான். ஊர் நடுவுல குன்னு மேல ஒரு கோட்டை, அந்தக் காலத்து மெயின் கோபுரம் இடிஞ்சு போகாம அப்படியே நிக்கற கோட்டைங்க ஜப்பான்ல மொத்தம் 12தான், அதுல இது ஒண்ணு. கீழ ரோட்டுல டிராம் ஓடும். ஓதேமாச்சினு ஒரு ஸ்டேஷன், அங்க டிராம் தண்டவாளமும் ரயில் தண்டவாளமும் ஒண்ணுக்கு ஒண்ணு குறுக்க வெட்டிக்கிட்டு போகும், கேட் போட்டதும் டிராம் நின்னு ரயிலுக்கு வழி விடும். ஒரு ரயில் இன்னொரு ரயிலுக்காக லெவல் கிராசிங்ல காத்திருக்கறத நான் இங்கதான் பாத்தேன், இப்பவும் அந்தப் பக்கம் போனா நின்னு பாத்துட்டுதான் போவேன்.

நான் வந்தது 2024 ஆகஸ்ட் கடைசில. வர்றதுக்கு முன்னாடியே வீட்டுல ஒரே கலவரம், ஏன்னா ஆகஸ்ட் 8 அன்னைக்கு ஹியூகாநாதா கடல்ல 7.1 அளவுல நில நடுக்கம், அதுக்கப்புறம் ஷிகோக்குக்கு தெக்கால கடலுக்கு அடில இருக்கற நான்காய் பள்ளத்துல பெரிய நில நடுக்கம் வர்ற வாய்ப்பு வழக்கத்த விட கூடியிருக்குன்னு ஜப்பான் அரசாங்கம் மொதல் தடவையா எச்சரிக்கை விட்டாங்க, ஒரு வாரம் கழிச்சு அத எடுத்தாங்க. மடிப்பாக்கத்துல எங்க அம்மா அந்த ஒரு வாரமும் ஃபோன கையிலேயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. போகணுமா போகணுமான்னு கேட்டுட்டே இருந்தாங்க, அப்பாதான் போகட்டும்னு சொன்னார்.

இப்ப யோசிச்சா அந்த பயத்துக்கு பதில் நான் இந்த வீட்டுக்குள்ள நுழைஞ்ச அன்னைக்கே கிடைச்சிருச்சு. வாசல்ல செருப்பு விடற இடத்துக்கு பக்கத்துல அஞ்சு பை வரிசையா இருந்துச்சு. தண்ணி பாட்டில், டார்ச், சூடு பண்ணாம சாப்பிடற மாதிரி சோத்து பாக்கெட், டிஷ்யூ, விசில். அவங்க நாலு பேரு, அஞ்சாவது பை எனக்கு. மேல என் பேர கத்தகானாங்கற ஜப்பான் எழுத்துல எழுதி ஒட்டியிருந்தாங்க, உள்ள இருந்த சாப்பாட்டு பாக்கெட் எல்லாம் மீன் கறி இல்லாததா பாத்து தேடி வாங்கியிருந்தாங்க. மறுநாள் காலைல ஹோஸ்ட் அம்மா, ஒகாசான்னுதான் கூப்பிடறேன், என்னை நடத்தியே பக்கத்து எலிமெண்டரி ஸ்கூலுக்கு கூட்டிட்டு போய் ஏதாவது ஆச்சுன்னா யார் எங்க இருந்தாலும் இங்க வந்துரணும், இந்த கேட்டுக்கிட்ட நிக்கணும்னு காட்டினாங்க. கோட்டைய காட்டல, கடைய காட்டல, மொதல்ல இத காட்டினாங்க. அத வீடியோ கால்ல அம்மாகிட்ட சொன்னதுக்கப்புறம்தான் அம்மா சரியா தூங்கினாங்கன்னு அப்பா சொன்னார்.

ஏஎஃப்எஸ் மாதிரி ஸ்கூல் பசங்கள வெளிநாட்டுக்கு அனுப்பற எக்ஸ்சேஞ்ச்ல ஹோஸ்ட் குடும்பத்துக்கு காசு எதுவும் தர மாட்டாங்க, அது தெரியாதவங்க நிறைய பேர் இருக்காங்க. என் ப்ரோக்ராமும் அப்படித்தான். அவங்களா விருப்பப்பட்டு, அவங்க அரிசில நமக்கும் பொங்கி போடறாங்க. நான் வந்த நேரத்துல அந்த அரிசியே கிடைக்கல, நிஜமாவே. 2024 ஆகஸ்ட், செப்டம்பர்ல ஜப்பான் முழுக்க கடைல அரிசி தட்டுப்பாடு, சூப்பர் மார்க்கெட்ல ரேக் காலியா இருக்கும், வந்தாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு பைதான்னு போர்டு வச்சிருப்பாங்க. நானோ மூணு வேளையும் சோறு சாப்பிடற ஆளு. ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கவே மனசு வரல. இந்த வீட்டு பாட்டி, ஒபாச்சான்னு கூப்பிடுவோம், அத கவனிச்சுட்டாங்க போல, ஒண்ணும் சொல்லாம கிண்ணத்த வாங்கி நிரப்பி குடுத்தாங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பாட்டியோட தம்பி ஊவாலேர்ந்து வந்தார், அது இதே எஹிமேல தெக்கால மலைக்கு நடுவுல இருக்கற நெல்லு விளையற இடம். புது அரிசி 30 கிலோ பை, தவிடு எடுக்காத பழுப்பு அரிசி. அத கார்ல வச்சுக்கிட்டு ரோட்டோரம் இருக்கற ஒரு சின்ன ஷெட்டுக்கு போனோம், உள்ள மெஷின் இருக்கு, 100 யென் காசு போட்டு அரிசிய கொட்டினா தேவையான அளவுக்கு தீட்டி குடுக்கும், ஆளே கிடையாது. எங்க தாத்தா ஊர்ல ரைஸ் மில்லுக்கு மூட்டை எடுத்துட்டு போன கதையெல்லாம் எனக்கு தெரிஞ்ச ஜப்பானீஸ்ல சொன்னேன், பாட்டி தலையாட்டி தலையாட்டி கேட்டாங்க. தவிடையும் வீணாக்கல, ஊறுகாய் போடறதுக்கு எடுத்துட்டு வந்தாங்க.

சாப்பாடு பத்தி சொல்லிடறேன். நான் கறி மீன் சாப்பிட மாட்டேன், முட்டை சாப்பிடுவேன். ஃபார்ம்ல வெஜிடேரியன்னு மட்டும் போட்டா இங்க பத்தாது. ஜப்பான் சமையல்ல கண்ணுக்கு தெரியாம மீன் இருக்கும், தாஷினு ஒரு அடிப்படை தண்ணி, அதுலதான் சூப், குழம்பு, காய் வேக வைக்கறது, ஆம்லெட் கூட. பெரும்பாலும் கட்சுவோபுஷினு காய வச்சு சீவின மீன்ல செய்வாங்க, இந்தப் பக்கம் கடலோரத்துல இரிகோனு நெத்திலிக் கருவாட்டுலயும் செய்வாங்க. காய் மட்டும்தான் போட்டிருக்குன்னு நீட்டற கிண்ணத்துல அது இருக்கும், குடுக்கறவங்களுக்கே அது மீனுன்னு தோணாது, அவ்வளவு இயல்பா கலந்த விஷயம். அதனால நான் கிளம்பறதுக்கு முன்னாடியே ஈமெயில்ல எது எது ஆகாதுன்னு பொருள் பொருளா எழுதி அனுப்பிட்டேன், தாஷி உட்பட. ஒகாசான் அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க, கொன்புங்கற கடல்பாசியும் காய்ஞ்ச ஷீத்தாகே காளானும் ராத்திரியே தண்ணில போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிடுவாங்க, காலைல அந்தத் தண்ணிதான் தாஷி. அவ்வளவு நல்லா இருக்கு. மிசோங்கற புளிக்க வச்ச விழுது இந்த ஊர்ல பார்லில செய்யறது, லேசா இனிப்பு இருக்கும், அந்த தண்ணில இந்த மிசோவ கரைச்சு டோஃபு, முள்ளங்கி போட்டா எனக்கு காலைல வேற எதுவும் தேவைப்படல. ஆனா பாட்டிக்கு எழுபது வருஷத்துக்கு மேல இரிகோ வாசனைல பழகின நாக்கு. எனக்காக வீடே மாறிடுச்சேன்னு எனக்கு உறுத்தலா இருந்துச்சு. பாட்டி என்ன பண்ணாங்கன்னா இரிகோவ பொடி பண்ணி ஒரு சின்ன டப்பால போட்டு தன் தட்டுக்கிட்ட வச்சுக்கிட்டாங்க, சூப் வந்ததும் ஒரு ஸ்பூன் தூவிக்குவாங்க. ஒரே பானை, எல்லாருக்கும் அதுலேர்ந்துதான். எத்தனை யோசிச்சு செஞ்சிருக்காங்க பாருங்க.

அம்மா குடுத்து விட்ட மைசூர்பாக் டப்பாவ நான் நீட்டினதும் யாரும் பிரிக்கல. பாட்டி ரெண்டு கையால வாங்கி உள் ரூம்ல புத்த பீடத்துக்கு முன்னாடி, தாத்தா ஃபோட்டோகிட்ட கொண்டு போய் வச்சு, ஒரு சின்ன வெண்கல மணிய தட்டிட்டு கண்ண மூடி உக்காந்தாங்க. சாயந்திரம்தான் எடுத்து எல்லாருக்கும் குடுத்தாங்க. எங்க வீட்டுலயும் ஸ்வீட் பாக்ஸ் நேரா சாமி ரூமுக்குத்தான் போகும். அந்த நிமிஷம் நான் தூரமா எங்கயோ வந்துட்டேங்கற நெனப்பு கொஞ்சம் கொறைஞ்சுது.

இவ்வளவு நல்லா பாத்துக்கிட்டும் மொத வாரம் எனக்கு ஒரு மாதிரி பாரமா இருந்துச்சு, ஏன்னு பிடிபடவே இல்ல. அப்புறம்தான் புரிஞ்சுது, நான் சும்மா இருக்கேன். தட்ட எடுத்து கழுவ போனா வேணாம் வேணாம் உக்காருனு சொல்லுவாங்க. துணி மடிக்க போனா பரவால்லம்பாங்க. குளிக்கறதுக்கு எல்லாருக்கும் முன்னாடி என்னைத்தான் போக சொல்லுவாங்க. விருந்தும் மருந்தும் மூணு நாள்னு எங்க பாட்டி சொல்லுவாங்க, அது விருந்தாளிய பத்தி மத்தவங்க சொல்றதுன்னு நெனச்சுட்டு இருந்தேன், விருந்தாளியா இருக்கறவங்களுக்கும் மூணு நாளுக்கு மேல அது கஷ்டம்தான்.

குளியல் பத்தி தெரியாதவங்களுக்கு விளக்கமா சொல்லணும், ஏன்னா இந்த வீட்டோட சாயந்திரம் முழுக்க அத சுத்திதான் ஓடுது. பாத்ரூமும் டாய்லெட்டும் தனித்தனி. பாத்ரூம்ல ஒரு பக்கம் ஷவர், உக்கார சின்ன ஸ்டூல், அங்க உக்காந்து சோப்பு ஷாம்பூ எல்லாம் போட்டு முழுசா குளிச்சு கழுவிடணும். அதுக்கப்புறம் பக்கத்துல இருக்கற ஆழமான தொட்டில சூடு தண்ணில இறங்கி உக்காரணும், 41 டிகிரி வச்சிருக்காங்க எங்க வீட்டுல. தொட்டிக்குள்ள சோப்பு, துண்டு எதுவும் படக்கூடாது. ஏன்னா அது ஒரே தண்ணி, வீட்டுல இருக்கற எல்லாரும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அதே தண்ணிலதான் இறங்குவாங்க. வெளிய வரும்போது ஆறாம இருக்க மூடிய போட்டுட்டு வரணும். கடைசி ஆள் குளிச்சதும் தண்ணிய திறந்து விட மாட்டாங்க. காலைல சின்ன பம்ப் வச்ச ஹோஸ் ஒண்ண தொட்டில போட்டு வாஷிங் மெஷினுக்கு இழுப்பாங்க, துணி மொத தடவை துவைக்கறது அந்தத் தண்ணில, அலசறதுக்கு மட்டும் குழாய் தண்ணி.

நான் வந்த உடனே 10-ம் நம்பர் டைஃபூன் வந்துச்சு, பக்கத்து தீவு கியூஷூல கரையேறி ரொம்ப மெதுவா நகர்ந்து இந்தப் பக்கம் வந்த புயல். செடி தொட்டி, துணி காயப் போடற கம்பு எல்லாம் உள்ள எடுத்து வச்சாச்சு, ஜன்னலுக்கு வெளிய ஷட்டர் இழுத்தாச்சு, அன்னைக்கும் பாட்டி சொன்ன மொத விஷயம் தொட்டி தண்ணிய யாரும் விட்றாதீங்கனுதான். கரண்ட்டோ தண்ணியோ நின்னு போச்சுன்னா டாய்லெட்டுக்கு ஊத்த அது வேணும்.

இவ்வளவு மழை பெய்யற நாட்டுல தண்ணிக்கு ஏன் இவ்வளவு கவனம்னு பாட்டிகிட்ட கேட்டேன். அன்னைக்கு ராத்திரி வெளிய காத்து அடிச்சுட்டு இருக்கும்போது பாட்டி சொன்னதும், இந்த வீட்டுப் பொண்ணு, எனக்கு தங்கச்சி, அவ மிடில் ஸ்கூல் இங்கிலீஷ்ல எனக்கு எடுத்து சொன்னதும் என்னால மறக்க முடியாது. 1994 கோடைல மட்சுயாமால மழையே இல்ல. ஊருக்கு தண்ணி குடுக்கற இஷிதே ஆத்து அணை வத்திப் போச்சு. ஜூலை கடைசில ஆரம்பிச்சு நவம்பர் வரைக்கும் குழாய்ல நேரம் வச்சுதான் தண்ணி, மோசமான நாட்கள்ல ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான். அந்த நேரத்துல தொட்டி, பக்கெட், பாத்திரம்னு இருக்கறதெல்லாம் ரொப்பி வச்சுக்குவாங்களாம், தட்டு கழுவ வேணாம்னு தட்டு மேல பிளாஸ்டிக் ஷீட் சுத்தி அதுல சாப்பிடுவாங்களாம்.

நான் அப்ப எங்க கதைய சொன்னேன். 2019ல எனக்கு பதினோரு வயசு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வத்திப்போன வருஷம், ஜூலைல ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க சென்னைக்கு. எங்க தெருவுல லாரி எப்ப வரும்னு தெரியாது, ராத்திரி ஹார்ன் சத்தம் கேட்டா அம்மாவும் நானும் குடத்த தூக்கிட்டு ஓடுவோம், காய் கழுவின தண்ணிய செடிக்கு, துணி அலசின தண்ணிய டாய்லெட்டுக்கு. இத சொல்லி முடிச்சதும் பாட்டி என் கைய பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் ஸ்கூல் லைப்ரரில பாத்தேன், மட்சுயாமாவுக்கும் சென்னைக்கும் வருஷத்துக்கு பெய்யற மழை கிட்டத்தட்ட ஒரே அளவு, சுமார் 1400 மில்லிமீட்டர். சுத்தி மலை இருக்கறதால ஹோன்ஷூக்கும் ஷிகோக்குக்கும் நடுவுல இருக்கற செத்தோ உள்கடல் பக்கத்து ஊர்களுக்கு ஜப்பான்ல மத்த பல இடங்கள விட மழை கம்மி. அணைய விட்டா ஷிகெனோபு ஆத்துப் படுகைல இருக்கற கிணத்துத் தண்ணிதான். பாலாத்து மணல்ல ஊத்து தோண்டி குடிச்ச ஊர்கள் நம்ம பக்கம் எத்தனை, அதே மாதிரி ஒரு ஊருதான் இது. டிவில பாக்கற ஜப்பான்ல இதெல்லாம் வராது.

அந்தப் பேச்சு முடிஞ்ச மறுநாள்தான் நான் ஒகாசான்கிட்ட வாய் விட்டு கேட்டேன், எனக்கு ஒரு வேலை குடுங்கனு. என் ஜப்பானீஸ் அப்ப என்5ங்கற ஆரம்ப நிலை பரீட்சை முடிச்ச அளவுதான், அதனால முன்கூட்டியே ஒரு பேப்பர்ல எழுதி தங்கச்சிகிட்ட காட்டி சரி பாத்துக்கிட்டேன். ஒகாசான் கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு வெள்ளை போர்டு இருக்கு, எந்த கிழமை எந்த குப்பை, யாருக்கு என்ன வேலைனு அதுல இருக்கும். அதுல தொட்டி கழுவறதுங்கற வரில தங்கச்சி பேர் மட்டும் இருந்துச்சு, பக்கத்துல என் பேர எழுதினாங்க. செவ்வாய், வியாழன், சனி நான்.

வேலை பெருசா ஒண்ணும் இல்ல, மிச்ச தண்ணிய விட்டுட்டு, ஸ்பாஞ்சுல தேச்சு, மூடியோட அடிப்பக்கத்தையும் தேச்சு, வடிகால்ல இருக்கற முடிய எடுத்து போட்டு, அடைப்ப மாட்டி, சுவத்துல இருக்கற பட்டன அழுத்தணும். தண்ணி தானா ரொம்பும், ரொம்பி சூடானதும் சமையல் ரூம்ல இருக்கற பெட்டி ஒரு ட்யூன் போட்டு குளியல் ரெடினு சொல்லும். நான் அழுத்தி விட்டு அந்தக் குரல் மொத தடவை வந்தப்போ, ஒகாசான் அடுப்படிலேர்ந்து நன்றி சொன்னாங்க பாருங்க, இந்த வீட்டுல நான் வாங்கின மொத உண்மையான நன்றி அதுதான்னு எனக்கு தோணுச்சு. அதுக்கு முன்னாடி சொன்ன நன்றி எல்லாம் மரியாதைக்கு.

அதே வாரம் இன்னொண்ணும் மாறுச்சு. குளிக்கற வரிசை. ராத்திரி நான் வழக்கம்போல மொதல்ல போறதுக்கு துணிய எடுத்துட்டு வந்தா, ஒகாசான் சாதாரணமா இன்னைக்கு ஒபாச்சான் போகட்டும், அப்புறம் தங்கச்சி, அவளுக்கு டெஸ்ட் இருக்கு, அப்புறம் நீ போனு சொன்னாங்க. எனக்கப்புறம் ஒகாசான், கடைசில வேலைலேர்ந்து லேட்டா வர்ற ஒதோசான், ஹோஸ்ட் அப்பா. சில பேருக்கு இது என்ன பெரிய விஷயம்னு இருக்கும். புது தண்ணில மொதல்ல இறங்கறது இங்க மரியாதை, விருந்தாளிக்கு குடுக்கறது. அத என்கிட்டேர்ந்து எடுத்துட்டு மூணாவது எடத்த குடுத்தாங்க. பாட்டிக்கும் தங்கச்சிக்கும் அப்புறம், அம்மாவுக்கு முன்னாடி. ஒரு வீட்டுப் பொண்ணுக்கு எந்த இடமோ அந்த இடம். அன்னைக்கு தண்ணில உக்காந்து நான் அழுதேன், சந்தோஷத்துலதான்.

ஸ்கூல்லயும் இதே கதைதான்னு சொல்லலாம். சைக்கிள்ல போறேன், இங்க ரோட்டுல நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம், அதனால சீக்கிரம் பழகிருச்சு. எஹிமேல அரசு ஹைஸ்கூல் பசங்க சைக்கிள்ல வந்தா ஹெல்மெட் 2015லேர்ந்தே கட்டாயம், காலைல ரோடு முழுக்க வெள்ளை ஹெல்மெட்டா போகும், யாரும் கழட்டி ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு போறத நான் பாக்கல. வாசல்ல ஷூவ லாக்கர்ல விட்டுட்டு உள்ள போடற ஷூ மாத்தணும். கிளாஸ்ல மொத நாள் எல்லாரும் கை தட்டினாங்க, அதுக்கப்புறம் யாரும் கிட்ட வரல. வெறுப்பு இல்ல, கூச்சம். இங்கிலீஷ்ல பேசணுமோன்னு அவங்களுக்கு பயம், ஜப்பானீஸ்ல என்ன ஆரம்பிக்கறதுன்னு எனக்கு தெரியல. லஞ்ச்ல டிஃபன் பாக்ஸ திறந்து, சோறு, நடுவுல உப்புல போட்ட உமேங்கற புளிப்புப் பழம், சுருட்டின ஆம்லெட், பரங்கிக்காய், நாங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசாம சாப்பிட்டோம்.

பேச்சு வந்தது தொடப்பத்தாலதான். இங்க ஸ்கூல கூட்டறது துடைக்கறது எல்லாம் பசங்கதான், தினமும் கிளாஸ் முடிஞ்சதும் குரூப் குரூப்பா. எங்க குரூப்புக்கு ரெண்டாவது மாடிலேர்ந்து கீழ வர்ற படிக்கட்டு. நான் நம்ம வீட்டுல கூட்டற மாதிரி மேல் படிலேர்ந்து மூலை மூலையா கூட்டிட்டு கீழ வந்தேன், ஒரு பொண்ணு அள்ளறதுக்கு முறத்த பிடிச்சுக்கிட்டு வந்தா, படி முடியறதுக்குள்ள உங்க வீட்டுல யார் கூட்டுவாங்க, உங்க ஸ்கூல்ல யார் கூட்டுவாங்கனு ஆரம்பிச்சு, எனக்கு பாதிதான் புரிஞ்சுது ஏன்னா இந்த ஊர் பேச்சு புஸ்தகத்துல இருக்கற மாதிரி இல்ல, வாக்கியத்துக்கு வாக்கியம் கென் கென்னு முடிப்பாங்க, ஆனா அன்னைக்கு ரெண்டு பேரும் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் பேசிட்டே போனோம். செப்டம்பர்ல ஸ்போர்ட்ஸ் டே ரிகர்சல், வெயில் நம்ம ஊர் மே மாசம் மாதிரி, அங்கயும் பலகை தூக்க, பெயிண்ட் அடிக்கனு போய் நின்னேன். கிளாஸ்ல மூணு வாரம் பக்கத்துல உக்காந்தும் வராத பழக்கம் ஒரு பலகைய ரெண்டு பக்கம் பிடிச்சு தூக்கினதுல வந்துச்சு.

குப்பை பத்தி ஒரு வார்த்தை. அஞ்சு லட்சம் பேருக்கு மேல இருக்கற ஜப்பான் ஊர்கள்ல ஆளுக்கு குப்பை ரொம்ப கம்மியா வர்ற ஊர்னு மட்சுயாமா பல வருஷம் மொதல் இடத்துல இருந்திருக்கு. பால் அட்டைப் பெட்டிய கழுவி, வெட்டி விரிச்சு, காய வச்சு, அடுக்கி கட்டணும். இது தங்கச்சியோட டிபார்ட்மெண்ட், எனக்கு சொல்லி குடுத்துட்டு இருக்கா.

பாட்டி என்னை தோகோ ஆன்சென் கூட்டிட்டு போனாங்க, ஜப்பான்ல ரொம்ப பழைய வெந்நீர் ஊத்துகள்ல ஒண்ணு. 1894ல கட்டின மூணு மாடி மர கட்டடம், 2019லேர்ந்து ரிப்பேர் பண்ணிட்டு 2024 ஜூலைலதான் முழுசா திறந்தாங்க. உள்ள பொம்பளைங்க எல்லாரும் ஒரே தொட்டில, துணி இல்லாம. என்னால முடியாதுன்னு சொன்னேன். பாட்டி ஒரு நிமிஷம் கூட வற்புறுத்தல. டிராம் ஸ்டேஷன் எதிர்ல பொம்மை கடிகாரம் பக்கத்துல கால் மட்டும் வச்சு உக்கார்ற சூடு தண்ணி தொட்டி இருக்கு, காசு கிடையாது, அங்க ரெண்டு பேரும் முட்டி வரைக்கும் கால விட்டுக்கிட்டு ஆரஞ்சு ஜூஸ் குடிச்சோம். அடுத்த வருஷம் ஊருக்கு கிளம்பறதுக்கு முன்னாடி மனசு வந்தா உள்ள போகலாம், வரலன்னாலும் ஒண்ணும் இல்லன்னாங்க. இந்த விஷயத்துல கூச்சப்படறவங்களுக்கு சொல்றேன், முடியாதத முடியாதுன்னு சொல்லிடுங்க, நல்ல குடும்பம் புரிஞ்சுக்கும்.

இப்ப வீட்டுல ஓடற பேச்சு தீபாவளி பத்தி. 2024 அக்டோபர் 31, வியாழக்கிழமை, எனக்கு ஸ்கூல் உண்டு. விடிகாலைல எழுந்து தலைல எண்ணெய் வச்சு குளிக்கற நாள்னு சொன்னதும் பாட்டிக்கு அவ்வளவு ஆர்வம், இங்கயும் டிசம்பர்ல பகல் ரொம்ப குறைச்சலா இருக்கற நாள்ல யூசுனு ஒரு எலுமிச்சை வகைய தொட்டில மிதக்க விட்டு குளிப்பாங்களாம். யார் எண்ணெய் வைப்பாங்கனு கேட்டாங்க, வீட்டுல பெரியவங்கனு சொன்னேன், அப்ப நான்தான் வைக்கணும்னு முடிவே பண்ணிட்டாங்க. எண்ணெய் தொட்டில கலக்காது, ஏன்னா வெளியவே தேச்சு அலசிட்டுதான் உள்ள இறங்கப் போறோம். கடைல கிடைக்கற எள்ளெண்ணெய் பெரும்பாலும் எள்ள வறுத்து எடுத்தது, கறுப்பா பொரிச்ச வாசனையா இருக்கு, தலைக்கு ஆகாது. தைஹாக்குனு வறுக்காம பிழிஞ்ச வகை ஒண்ணு இருக்கு, நம்ம நல்லெண்ணெய்க்கு கிட்டத்துல வர்றது அதுதான், ஒகாசான் நேத்து தேடி ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்துட்டாங்க. சீயக்காய் மட்டும் இங்க எங்கயும் கிடைக்கல, அம்மா பார்சல் போட்டிருக்காங்க, 31க்குள்ள வரணும்.